தினமும் ஓடும் காரில் காசை எங்கே போடுவது?

பால் வெட்டு இருந்த காலத்தில் தோட்டத்து ஆள்களுக்கு வேலை, பள்ளிக்கூடம், கோயில், கடை எல்லாமே நடக்கிற தூரம். கித்தா மரம் போய்ச் செம்பனை வந்து, லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்த பிறகு எல்லாமே தூரமாகிவிட்டது. சுங்கை சிப்புட்டில் வீடு, ஈப்போ தாசேக் பக்கம் வேலை. அம்மாவுக்கு மருந்து எடுக்க ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி, தங்கச்சிக்கு டியூஷன், ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் கல்யாணம். பஸ்ஸை நம்பினால் இதில் பாதிகூட நடக்காது. வீட்டில் இருக்கிற ஒரே கார் காலையில் கிளம்பவில்லை என்றால் நாலு பேருடைய நாள் போய்விடும்.

அதனால் தம்பி, நீ காரை மோடிஃபை பண்ணப் போகிறேன் என்று சொன்னால் அக்கா வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். காரில் கை வைக்க ஆசைப்படுகிறவன்தான் காரைக் கவனிப்பான். வரிசையை மட்டும் மாற்றிக்கொள். உயிரைக் காப்பது முதலில். வழியில் நிற்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது அடுத்து. பார்க்க அழகாக இருப்பது கடைசியில். உன்னிடம் இருப்பது 2005இல் வந்த முதல் மாடல் மைவி, 1.3 என்ஜின் என்று வைத்தே பேசுகிறேன். நம் பக்கத்தில் தெருவுக்குத் தெரு அதுதான் நிற்கிறது. சாகா வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

டயரும் பிரேக்கும்

டயரின் பக்கச்சுவரில் நாலு எண் அச்சடித்திருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பழைய கார் வாங்கினால் முதலில் குனிந்து இதைப் பார். பள்ளம் ஆழமாகத் தெரிந்தாலும், பல வருடம் வெயிலில் நின்ற ரப்பர் இறுகிப்போய் மழையில் வழுக்கும். சட்டத்துக்கு 1.6 மில்லிமீட்டர் பள்ளம் போதும். ஈப்போ மழைக்கு அது போதாது. 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிடு.

ரிம் ஆசை எல்லோருக்கும் உண்டு. கணக்கைப் பார்த்துவிட்டு ஆசைப்படு. மைவியோடு வந்தது 14 அங்குல ரிம்மில் 175/65 டயர். ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே 114 மில்லிமீட்டர் உயரத்துக்கு ரப்பர் நிற்கிறது. 17 அங்குலத்துக்குப் போய் 195/40 போட்டால் சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய அதேதான், ஆனால் ரப்பர் 78 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் உழுதுவைத்த ரோட்டில், மழைத்தண்ணீர் நிறைந்து ஆழம் தெரியாத குழியில், குறைந்துபோன அந்த 36 மில்லிமீட்டர்தான் ரிம்மையும் பேரிங்கையும் காப்பாற்றியிருக்கும். ஆசை தாங்கவில்லை என்றால் 15 அங்குலம், 185/55 போடு. 1.5 மைவிக்குக் கம்பெனியே கொடுத்த அளவு அது. பார்க்கவும் லட்சணமாக இருக்கும்.

ஸ்பிரிங்கை வெட்டி இறக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். அப்சோர்பர் முழுத்தூரம் வேலை செய்ய இடமில்லாமல் அடிவரை போய் முட்டி முட்டிச் சீக்கிரம் கசிந்துவிடும். தோட்டத்துச் செம்மண் பாதையில் நடுமேடு என்ஜின் எண்ணெய்த் தொட்டியை உரசும். அந்தக் காசில் புது அப்சோர்பர், மேலே இருக்கும் மவுண்டிங், லோவர் ஆர்ம் புஷ் மூன்றையும் சேர்த்து மாற்றி, அலைன்மெண்ட் பார்த்துவிட்டு ஓட்டிப் பார். பழைய கார் வளைவில் இப்படிக்கூட நிற்குமா என்று உனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

பிரேக் எண்ணெய் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்கும்போது, குடும்பமே காரில் இருக்கும்போது, எண்ணெய் சூடேறிக் கொதித்து பெடல் மெத்தென்று உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பழைய எண்ணெயை முழுக்க வெளியேற்றிப் புதுசு ஊற்று. நல்ல பேட் போடு. ஓட்டை போட்ட டிஸ்க் தேவையில்லை. இறக்கத்தில் கியரை ஒரு படி கீழே இழுத்து என்ஜினையே வேகத்தைப் பிடித்துக்கொள்ள விடு. பிரேக்கை மிதித்தபடியே இறங்காதே.

சூடு

நம் ஊர்ப் பழைய கார்களைக் கொல்வது சூடுதான். அதைவிட வருத்தம், சூட்டைக் குறைக்கிறேன் என்று செய்கிற வேலையே பாதிக் காரைக் கெடுக்கிறது.

கார் ஒருநாள் சூடேறும். பட்டறைக்குப் போனால் சிலர் உடனே தெர்மோஸ்டாட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “இது இல்லாமலே நல்லா ஓடும்” என்று மூடி அனுப்புவார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னச் சாமான் அது. நடுவில் மெழுகு அடைத்த குப்பி, சுற்றி ஒரு ஸ்பிரிங். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது வழியை மூடி வைத்திருக்கும். தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டியதும் மெழுகு விரிந்து கதவைத் தள்ளித் திறக்கும். அதை எடுத்துவிட்டால் என்ஜின் காலையில் சீக்கிரம் சூடு பிடிக்காது. கம்ப்யூட்டர், என்ஜின் இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று எண்ணிப் பெட்ரோலைக் கூடுதலாகத் தள்ளும். அந்தப் பெட்ரோல் சிலிண்டர் சுவரிலிருக்கும் எண்ணெயைக் கழுவி இறக்கும். எண்ணெய் கெடும், ரிங் தேயும், பெட்ரோல் செலவு ஏறும். முள் கீழே இருக்கிறது என்று நீ நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருப்பாய். கார் உண்மையில் ஏன் சூடேறியது என்று யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

அந்தக் காரணம் பெரும்பாலும் நாலு இடத்தில்தான் ஒளிந்திருக்கும். ஒன்று, ரேடியேட்டர். பைப்புத் தண்ணீரையே ஊற்றி ஊற்றி உள்ளே துரு ஏறி அடைத்திருக்கும். மூடியைத் திறந்து பார். அதுவும் என்ஜின் முழுக்க ஆறிய பிறகு மட்டும். தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தால் பதில் கிடைத்துவிட்டது. இரண்டு, மூடியின் ரப்பர். அது காய்ந்துபோனால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். மாற்றும்போது பழையதில் போட்டிருக்கும் அதே அழுத்த எண்ணைப் பார்த்து வாங்கு. “ரேசிங்” என்று எழுதிய அதிக அழுத்த மூடியைப் பழைய ஹோஸ் மேல் போட்டால் ஹோஸ்தான் வெடிக்கும்.

மூன்று, காற்றாடி. நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று அடிப்பதால் காற்றாடி செத்துப்போனது தெரியாது. தைப்பூசத்தன்று கல்லுமலைக் கோயில் பக்கம் ஊர்ந்து போகும்போதுதான் தெரியும். நல்ல நாளிலேயே சோதித்துக்கொள். ஏர்கானைப் போட்டு, காரை நின்ற இடத்தில் ஓடவிட்டு, காற்றாடி சுற்றுகிறதா, முழு வேகத்தில் சுற்றுகிறதா என்று முன்னால் நின்று பார். நான்கு, ஹோஸ்கள். மேலே தெரிகிற இரண்டைத்தான் எல்லோரும் மாற்றுவார்கள். என்ஜினுக்குப் பின்னால் கை போகாத இடத்தில் சின்னச் சின்ன ஹோஸ் இருக்கும். அவை ஊதி மெத்தென்று ஆகிவிட்டனவா என்று பார்க்கச் சொல். பத்துப் பன்னிரண்டு வயதான காருக்கு இவை எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றி, கூலண்ட்டைப் புத்தகத்தில் சொன்ன அளவில் கலந்து ஊற்றிவிட்டால், டாப் கேஸ்கெட் போய்த் தலையில் கை வைக்கிற நாள் வராது. என்னைக் கேட்டால் பழைய காருக்குச் செய்கிற மோடிஃபிகேஷனிலேயே இதுதான் மிகச் சிறந்தது. ஒருவர் கண்ணிலும் படாது, அவ்வளவுதான்.

ஒரு கருவி வாங்க அனுமதி தருகிறேன். சில சின்னக் கார்களில் இப்போது சூட்டு முள் கிடையாது. நீல விளக்கு, சிவப்பு விளக்கு மட்டும்தான். சிவப்பு எரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகி, டிகிரியை எண்ணாகவே காட்டும் சின்னத் திரை கிடைக்கிறது. உன் காரோடு அது பேசுமா என்று கடையிலேயே செருகிப் பார்த்து வாங்கு. தினமும் 90ஐ ஒட்டி நிற்கும் எண் ஒருநாள் நூறைத் தாண்டினால், நிறுத்த உனக்கு நேரம் இருக்கும்.

வயர்

புந்தோங் பக்கம் ஒரு பட்டறையில் டாஷ்போர்டைக் கழற்றிப் போட்டிருந்த காரைப் பார்த்தேன். சாவி திருப்புகிற இடத்திலிருந்து வரும் ஒரே வயரின் தோலை உரித்து, அதில் டாஷ்கேம், காலடி நீல விளக்கு, ஸ்பீக்கர் ஆம்ப், சத்தமான ஹோர்ன் நாலையும் முறுக்கிவிட்டிருந்தார்கள். சுற்றியிருந்த கறுப்பு டேப்பின் பசை சூட்டில் உருகி வழிந்திருந்தது. நடுவில் ஒரு ஃபியூஸ்கூட இல்லை. அந்தக் கார் சில நாள் ஸ்டார்ட் ஆகாமல் நின்றதற்குக் காரணம் அதுதான், தீப்பிடிக்காதது புண்ணியம்.

எதைக் கூடுதலாகப் போட்டாலும் அதற்கென்று தனி ஃபியூஸ் கேள். ஹோர்ன், விளக்கு மாதிரி அதிகக் கரண்ட் இழுப்பவற்றுக்கு ரிலே போட்டு, பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுக்கச் சொல். இணைப்பைக் கிளிப் வைத்து நசுக்கி, மேலே சுருங்கும் குழாய் போடச் சொல். டேப் மட்டும் சுற்றினால் ஒத்துக்கொள்ளாதே. வண்ண வண்ணமாக விற்கும் கிரவுண்டிங் கேபிளுக்குப் பதில், பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் பழைய எர்த் வயரைக் கழற்றி, துருவை மணல்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டினால் போதும்.

சிகரெட் லைட்டரில் செருகும் வோல்ட் மீட்டர் மலிவுதான். ஓடும்போது 13.5க்கும் 14.5க்கும் நடுவே நின்றால் நல்லது. நாளாக நாளாக இறங்கினால் ஆல்டர்னேட்டர் எச்சரிக்கை கொடுக்கிறது. இரவு முழுக்க நின்ற கார் காலையில் 12.4க்குக் கீழே காட்டினால் பேட்டரியைச் சோதி. நம் வெயிலில் பேட்டரிக்கு ஆயுசு குறைவு. அது சாகும்வரை காத்திருந்தால் கிளம்ப வேண்டிய அன்றைக்குத்தான் சாகும்.

முன்விளக்கின் மஞ்சள் பூத்த மூடியை மெருகேற்றி, நல்ல ஹாலஜன் பல்பு போடு. கார் வரும்போதே இல்லாத எச்ஐடியைப் பின்னால் மாட்டினால் ஜேபிஜே சம்மன் வரும். எதிரே மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்குக் கண்ணும் கூசும். கண்ணாடிக்கு டிண்ட் ஒட்டுவது நம் வெயிலுக்கு நல்ல மாற்றம்தான். 2019இலிருந்து உள்ள விதிப்படி முன் கண்ணாடியில் 70 சதவீதமும், முன் கதவுக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வெளிச்சம் உள்ளே வர வேண்டும். கறுப்பு கூடுவதைவிடச் சூட்டைத் தடுக்கும் படலமா என்று கேட்டு வாங்கு.

என்ஜினைத் தொடுவதற்கு முன்னால்

திறந்த ஏர் ஃபில்டர் சத்தம் கொடுக்கும். போனட்டுக்குள்ளே சுற்றும் சூடான காற்றைத்தான் இழுக்கும். கம்பெனி கொடுத்த பெட்டி வெளிக்காற்றை எடுக்கும், செம்மண் தூசியையும் நன்றாகத் தடுக்கும். அதை வைத்துக்கொண்டு ஃபில்டரை அடிக்கடி மாற்று.

மைவிக்கு ஹாஃப்கட் கடையில் தைஹாட்சு வொய்ஆர்வியின் கே3-விஇடி டர்போ என்ஜின் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 87 குதிரைத்திறன் 140 ஆகும். கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பிரேக், கியர், கூலிங் எல்லாம் அதற்கேற்ப மாற வேண்டும், சோதனைக்குப் போக வேண்டும், ஜேபிஜே ஒப்புதலோடு கிரானில் என்ஜின் விவரம் மாற வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லவில்லை என்றால் விபத்து நடந்த அன்றைக்குக் கிளெய்ம் சிக்கலாகும். வாரக்கடைசியில் ஓட்ட இன்னொரு கார் இருப்பவர் செய்யட்டும். உன் என்ஜின் தேய்ந்துபோய் எண்ணெய் குடிக்கிறது என்றால், அதே கே3-விஇ நல்லதாகப் பார்த்து மாற்று. அதற்கும் பேப்பர் வேலையைச் சரியாக முடி. இந்த என்ஜினுக்கு டைமிங் செயின்தான், பெல்ட் கிடையாது. கேம்ப்ரோ என்ஜின் சாகாவுக்குப் பெல்ட். பழைய கார் வாங்கும்போது எப்போது மாற்றினார்கள் என்று சொல்ல ஆளில்லை என்றால், வாங்கிய கையோடு மாற்றிவிடு. ஓடும்போது அறுந்தால் வால்வு வளைந்து என்ஜினே போகும்.

பட்டறையில் எப்படிப் பேசுவது

இது தங்கச்சிகளுக்கும் சேர்த்து. தனியாகப் போனால் சில இடங்களில் அப்பாவுக்கு ஃபோன் போடச் சொல்வார்கள். கோபப்படாமல், “அண்ணே, கழற்றின பழைய சாமானைக் கையில் குடுங்க” என்று கேள். நல்ல மெக்கானிக் அதை எடுத்துக் காட்டி எங்கே தேய்ந்திருக்கிறது என்று சொல்லிக்கொடுப்பார், அப்படிப்பட்டவரை விடாதே. என்ஜின் எண்ணெயும் கியர் எண்ணெயும் புத்தகத்தில் போட்ட வகைதானா என்று டின்னைப் பார். வேலை ஆரம்பிக்கும் முன்பே விலையைக் கேள்.

டாஷ்போர்டு அறைக்குள் ஒரு நோட்டுப் புத்தகம் வை. மாற்றியது என்ன, எந்தப் பிராண்ட், எத்தனை கிலோமீட்டரில், எவ்வளவு வெள்ளி. கூலண்ட், பிரேக் எண்ணெய், கியர் எண்ணெய், பேட்டரி, டயர் ஆகிய ஐந்துக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்கு. காரைத் தம்பி ஓட்டினாலும் அப்பா ஓட்டினாலும் அதே நோட்டில்தான் எழுத வேண்டும். இன்றைக்கு ஓடியிருக்கும் கிலோமீட்டரை முதல் பக்கத்தில் எழுதிவிடு. ஸ்பேர் டயரில் காற்று இருக்கிறதா என்றும் இப்போதே பார்த்துவிட்டு வா.