சீட்டு வாங்குமுன் சற்றே சிந்திப்போம்

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பர் பெரியோர். நானோ வெள்ளி போன பிறகே விழித்தேன்.

கிள்ளானில் இருக்கும் என் தங்கை ஓர் இசை நிகழ்ச்சிக்குப் போக ஆசைப்பட்டாள். சீட்டுகள் விற்றுத் தீர்ந்திருந்தன. சமூக ஊடகத்தில் ஒருவர் இரண்டு சீட்டுகளின் படத்தை அனுப்பினார். தீபாவளி விடுமுறையில் பிரிக்பீல்ட்ஸ் துணிக்கடையில் வேலை பார்த்துச் சேர்த்த 400 ரிங்கிட்டை அவர் கணக்கில் செலுத்தினேன். அதோடு ஆளைக் காணவில்லை. வெட்கத்தால் இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை.

2023 நவம்பர் 22இல் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் நடந்த கோல்ட்பிளே நிகழ்ச்சிக்கும் பலர் இப்படிப் பணம் கட்டி ஏமாந்தனர். நான் கற்ற பாடங்கள் இவை:

முதலாவது, ஏற்பாட்டாளர் அறிவித்த தளத்தில் மட்டும் வாங்குங்கள்.

இரண்டாவது, படத்தை நம்பாதீர்கள். ஒரே கியூஆர் குறியீட்டைப் பத்துப் பேருக்கு விற்கலாம். வாயிலில் முதலில் காட்டுபவருக்கே அனுமதி.

மூன்றாவது, தனிநபர் கணக்கெண் தந்தால், காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் சோதியுங்கள். அங்கே புகார் இல்லை என்பதற்காக மட்டும் நம்பிவிடாதீர்கள். கணக்கு புதியதாக இருக்கலாம்.

நான்காவது, ஏமாந்தால் உடனே வங்கியையோ, 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தையோ (997) அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுமுன் தடுத்தால்தான் மீட்க வாய்ப்புண்டு.

நண்பர்களே, அந்த இரண்டு நாள் நான் வாய்மூடி இருந்தேன். நீங்கள் அப்படி இருந்துவிடாதீர்கள்.