ஊசியும் நூலும்

என் பாட்டியின் கண்களுக்கு ஊசியின் காது தெரியாமற்போன பிறகே எங்கள் தையற்பாடம் தொடங்கியது. "நூல் கோத்துக் கொடு, கண்ணு" என்று அழைப்பார். நூல்முனையை நனைத்துக் கூராக்குவது முதற்பாடம். கை நீளத்திற்குமேல் நூல் எடுத்தால் சிக்கும் என்பது அடுத்தது. பின்னர்ப் பழைய வேட்டித்துண்டில் ஓட்டுத்தையல். என் தம்பிக்கும் ஒரு துண்டு உண்டு. தையலைப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியதாக அவர் ஒருநாளும் கருதியதில்லை.

தையல் கோணினால் ஏசமாட்டார். ஊசிமுனையால் அதனை மெல்லப் பிரித்து, அதே நூலை நீவி மீண்டும் கையில் தருவார். எனக்கோ அழுகை வரும். ஏச்சே மேல் என்று தோன்றும்.

அக்காலத்தில் எனக்கு இருந்த பள்ளிச் சட்டைகள் இரண்டு. ஒன்று வேலிமுள்ளில் கிழிந்த மாலையில், "நீயே தை" என்று ஊசியை என்னிடமே நீட்டினார். கிழிசலின் உட்புறம் துணி வைத்து ஒட்டுப்போடும் முறையை மட்டும் சொன்னார். இருமுறை பிரிக்கவும் வைத்தார். விளக்கு வைத்து நெடுநேரம் சென்றே வேலை முடிந்தது. மறுநாள் வகுப்பில் அந்த ஒட்டு எவர் கண்ணிலும் படவில்லை.

தைத்தலுக்குத் ‘துன்னல்’ என்பது பழந்தமிழ்ச் சொல். சிலப்பதிகாரம் தையற்காரரைத் துன்னகாரர் என்கிறது. பொருநராற்றுப்படையில், வேற்று நூலால் தைத்த கந்தலுடன் வந்த பொருநனுக்குக் கரிகாலன் பாம்பின் தோல்போன்ற மெல்லிய ஆடை அளிக்கிறான். அப்பகுதியை நடத்தும்போதெல்லாம் அரசனின் கொடையை விளக்கிவிட்டு, மாணவரிடம் நான் ஒன்று கேட்பதுண்டு: அந்தக் கந்தலைத் தைத்த கை யாருடையது?