லேசர் இடங்காட்டும், நுண்ணலை இயல்புகூறும்

சூரியக்கலம் செய்ய உதவும் சிலிக்கன் தகட்டில் குறை எங்கே உள்ளது என்பதை வெட்டாமலும் தொடாமலும் அறியலாமா? அறியலாம், தோழிகளே.

10 கிகாஹேட்ஸ் மீடிறனுள்ள நுண்ணலையின் அலைநீளம் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர். சிறிய குறையைத் தனித்துக் காட்ட அது மிக நீளமானது. லேசரையோ மிகச் சிறிய புள்ளியாகக் குவிக்கலாம்.

குறைகடத்தியாகிய சிலிக்கனில் லேசர்த் துடிப்பு பட்டதும் அவ்விடத்தில் இலத்திரன்களும் துளைகளும் தோன்றுகின்றன. கடத்துதிறன் கூடுவதால், தெறித்து வரும் நுண்ணலையின் அளவு மாறுகிறது. இலத்திரன்களும் துளைகளும் மீண்டும் சேர்ந்தபின் பழைய நிலை திரும்புகிறது. மாசோ பளிங்குக் குறையோ உள்ள இடத்தில் இது விரைவாக நிகழும். புள்ளி புள்ளியாக இந்நேரத்தை அளந்தால் தகட்டின் படம் கிடைக்கும்.

காந்தப் பொருளில் முறை சற்று வேறு. விட்டுவிட்டு ஒளிரும் லேசர் ஒரு புள்ளியைச் சிறிது சூடாக்கும். அங்கே காந்தவாக்கம் குறையும். பரிவு நிலையில் பொருள் உறிஞ்சும் நுண்ணலையும் மாறும். லேசரின் தாளத்தோடு மாறும் சமிக்ஞையை மட்டும் கருவி பிரித்தெடுக்கும். ஆகவே அது அப்புள்ளி தரும் விடையே.

இடத்தைக் காட்டுவது லேசர். இயல்பைச் சொல்வது நுண்ணலை. தனித்து இயலாததை இரண்டும் சேர்ந்து செய்கின்றன.