மீனும் வெம்மையும்

சிதம்பரத்திற்கு வடகிழக்கே, பரங்கிப்பேட்டையருகில் வெள்ளாறு கடலொடு கலக்கின்றது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் அக்கழிமுகத்தையொட்டி அமைந்துள்ளது. சித்திரைத் திங்களின் நண்பகலில், ஓதம் இறங்கிய வேளையில், கரையோரத்து ஆழமற்ற நீரில் காலை வைத்தால் அதன் வெம்மை நன்கு புலனாகும். நாம் காலை எடுத்துக்கொள்வோம். அந்நீரிலேயே வாழும் மடவை மீன் யாது செய்யும்?

நம் உடல் தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்கின்றது. சூரை முதலிய சிலவற்றை ஒழித்தால், மீன்களுக்கு அவ்வாற்றல் இல்லை. நீரின் வெப்பமே ஏறக்குறைய மீனின் வெப்பமாகும். நீர் சூடேறினால் மீனுடலின் செயல்கள் யாவும் விரைவுபெறும். வெப்பம் 10 பாகை உயர்ந்தால், உடலுக்கு வேண்டிய பிராணவாயு ஏறத்தாழ இருமடங்காகும். நீரோ அந்நேரம் பார்த்துக் கையை விரித்துவிடுகின்றது! சென்டிகிரேடு அளவையில் 20 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராமே கரையும். கடல்நீரில் இன்னும் குறைவு.

இக்குறையை ஈடுசெய்ய இருதயம் விரைந்து துடிக்கின்றது. மீனின் இருதயத்தில் குருதியை வாங்கும் அறை ஒன்றும் உந்தும் அறை ஒன்றுமே உள்ளன. உடலெங்கும் சுற்றிப் பிராணவாயுவைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் குருதியே அங்கு வந்து சேர்கின்றது. பல மீன்களில், அக்குருதியில் எஞ்சியதைக் கொண்டே இருதயத் தசை பிழைக்கவேண்டும். பந்தியில் யாவர்க்கும் பரிமாறியபின் மிஞ்சியதை உண்ணும் சமையற்காரரைப் போன்றது அது. ஆதலின் ஓர் எல்லைக்குமேல் அதன் துடிப்பு விரைவதில்லை, தடுமாறத் தொடங்குகின்றது.

மூளையின் நிலை என்ன? 2022ஆம் ஆண்டில் நார்வே நாட்டு அறிஞர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று இதனை விளக்குகின்றது. அவர்கள் எடுத்துக்கொண்டது வரிக்குதிரை மீன்; நம் நாட்டுக் கங்கைச் சமவெளியைத் தாயகமாக உடைய சிறுமீன். அதன் குஞ்சின் உடல் கண்ணாடி போன்றதாகலின், மூளை இயங்குவதை நுண்நோக்கியால் காணலாம். நீரைச் சூடாக்கிக்கொண்டே சென்றபோது மூளையின் இயக்கம் தளர்ந்தது. கண்ணுக்குக் காட்டியவற்றையும் அது பொருட்படுத்தவில்லை. அதே கட்டத்தில் மீனும் நிலைகுலைந்தது. நீரிலுள்ள பிராணவாயுவைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தபோது, மீன் தாங்கும் வெப்பத்தின் எல்லையும் மாறியது. எனவே பிராணவாயு போதாமையே மூளையை மயக்குகின்றது என அவர்கள் கருதினர். குஞ்சுகளிடம் கண்டது எல்லா மீன்களுக்கும் பொருந்தும் என்று நாம் விரைந்து கூறிவிடலாகாது.

நம் ஊர்க்குளங்களில் கோடைக்காலத்தில் மீன்கள் வாயைத் திறந்துகொண்டு மேலே மிதப்பது விடியற்பொழுதிலேயே மிகுதி. பகலில் பிராணவாயுவை ஈந்த பாசிகள் இரவில் அதனைத் தாமே செலவிட்டுவிடுகின்றன. அப்பொழுதும் விராலும் பனையேறிக் கெண்டையும் தலைநீட்டிக் காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். அதற்கென்றே செவுளுக்கு மேல் அவற்றிற்குத் தனியுறுப்பு உண்டு. மடவைக்கு அவ்வுறுப்பு இல்லை. ஆயினும் ஆற்றின் ஆழத்தையோ பிச்சாவரத்துச் சுரபுன்னை நிழலையோ நாடிச் செல்ல அதற்கு வழியுண்டு. குட்டையில் அடைத்து வளர்க்கப்படும் கட்லாவுக்கும் ரோகுவுக்கும் அவ்வழியும் இல்லை. அதனாலேயே மீன் வளர்ப்போர் பலர் கோடை இரவுகளில் விழித்திருந்து, நீரை அளைந்து காற்றூட்டும் பொறிகளை விடியும்வரை இயக்குகின்றனர்.