விடுதிப் பள்ளியும் கிராமத்தார் கடமையும்



ஆரம்பக் கல்வி முடிந்ததும் பிள்ளையை மேற்படிப்புக்கு அனுப்ப விரும்பும் கிராமத்துக் குடியானவன் முன்னே இரண்டு வினாக்கள் எழுகின்றன: பிள்ளை எங்கே தங்குவது? யார் சோறிடுவது? புதுச்சேரி நகரத்தில் 1844-ல் கிறிஸ்தவப் பாதிரிமார் நிறுவிய பெத்தி செமினேர் பள்ளிக்கு நகரவாசியின் மகன் வீட்டில் உண்டு, நடந்தே சென்று வரலாம். தொலைவிலுள்ள உழவன் மகனுக்கு அது இயலாது. ஆகையால் கிராமத்தாருக்குப் பள்ளிக்கூடம் பாதி, உண்டியும் உறையுளும் மறுபாதி. இவ்விரண்டையும் கிராமப்புறத்திலேயே ஒருங்கே அளித்த கிறிஸ்தவக் கலாசாலை ஒன்றின் வரலாறு நமக்குப் பெரிதும் பயன்படும். அது கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் நிகழ்ந்தது.

விடுதி தோன்றிய விதம்

1816-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார், 1823-ல் வட்டுக்கோட்டையில் செமினரி என்னும் உயர்தரக் கலாசாலையைத் தொடங்கினர். டானியல் பூவர் என்பார் 1835 வரை அதன் தலைவராயிருந்தார். மாணாக்கர் அங்கேயே தங்கித் தமிழ், ஆங்கிலம், சமஸ்கிருதம், கணிதம், வானசாஸ்திரம் முதலியவற்றைக் கற்றனர். 1824-ல் உடுவிலில் பெண்களுக்கும் ஒரு விடுதிப் பள்ளி தொடங்கப்பட்டது. மிஷன் வளவில் பிறரோடு உண்பதற்குச் சாதி வழக்கம் முதலில் தடையாயிருந்தது. கல்வியின் பயன் தெரியத் தெரியப் பெற்றோர் தயக்கம் குறைந்தது.

சோற்றுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலுள்ள அன்பர் பலர் ஆளுக்கொரு மாணாக்கனைத் தத்தெடுத்ததுபோல் செலவை ஏற்றனர். அவ்வன்பரின் பெயரே பிள்ளைக்கும் சூட்டப்பட்டது. கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்னும் பெயர்கள் அவ்வாறு வந்தவையே.

விளைந்த பயன் சிறிதன்று. விசுவநாதபிள்ளையும், அங்கே கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும், 1857-ல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். ஏட்டில் கிடந்த கலித்தொகையை 1887-ல் அச்சேற்றித் தமிழுலகுக்கு அளித்தவர் இத்தாமோதரம்பிள்ளையே.

மூடியதும் மீண்டும் திறந்ததும்

இத்தகைய கலாசாலை 1855-ல் மூடப்பட்டது. அமெரிக்கத் தலைமைச் சபையின் காரியதரிசி ரூபஸ் ஆண்டர்சன் நேரில் வந்து விசாரித்தார். ஆங்கிலம் கற்றோர் சர்க்கார் உத்தியோகத்தை நாடிப் போகின்றனர்; செலவு மிகுதி; தாய்மொழிக் கல்வியே மிஷனுக்கு ஏற்றது என்ற கருத்து மேலோங்கிற்று. அக்கருத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் தம் பிள்ளைகளின் கல்வியைப் பற்றிய அம்முடிவு ஊராரின் கையில் இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். பணம் எங்கிருந்து வருகிறதோ அங்கேயே அதிகாரமும் இருக்கும்.

பழைய மாணாக்கரும் ஊராரும் வாளாவிருக்கவில்லை. மீண்டும் கல்லூரி வேண்டுமெனக் கேட்டனர், தாமும் பொருளுதவினர். அமெரிக்காவிலும் நிதி திரட்டப்பட்டது. 1872-ல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் நிர்வாக சபையில் உள்ளூர்த் தமிழரும் இடம்பெற்றனர். வெளியார் உதவி தள்ளத்தக்கதன்று. அதை மட்டுமே நம்புவதுதான் அபாயம்.

நம்மால் இயலுமா?

பிடியரிசி சேர்க்கும் வழக்கத்தை எல்லோரும் அறிவோம். கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு பிடி சுமார் 40 கிராம் என்று கொள்வோம். 100 வீட்டார் உலை வைக்குமுன் நாளொன்றுக்கு ஒரு பிடி எடுத்து வைத்தால் 4 கிலோ. 30 நாளில் 120 கிலோ. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி என்றால் மாதத்துக்கு 12 கிலோ. எனவே ஒரு பிடியினால் பத்துப் பிள்ளைகளுக்குச் சோறு கிடைக்கும்.

பருப்பு, எண்ணெய், விறகு, சமையற்கூலி ஆகியவற்றுக்கு ரொக்கம் வேண்டும். அதற்கு மாதச் சந்தா வகுக்கலாம். பெற்றோரும் இயன்ற கட்டணம் செலுத்துவது நலம். விடுதி நிதியைக் கடனுக்குத் திருப்பாமல் தனிக் கணக்கில் வைத்து, வரவு செலவை மாதந்தோறும் எல்லோரும் காண ஒட்ட வேண்டும். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உண்ண வேண்டும் என்பதை முதல் விதியாக எழுதிக்கொள்ளுங்கள். அவ்விதியில்லாத விடுதி பொதுப் பணத்துக்கு உரியதன்று.

அடுத்த கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. படிப்பை நிறுத்திவிட்ட பிள்ளைகள் நம்மூரில் எத்தனை பேர்? தங்க இடமின்மையால் நிறுத்தியவர் எத்தனை பேர்?

2. அவர்களுள் பெண்பிள்ளைகள் எத்தனை பேர்?

3. பிடியரிசி கொடுக்க இசையும் வீடுகள் எத்தனை? அதைத் திரட்டி நிறுக்கும் பொறுப்பு யாருடையது?

4. வெளியார் உதவி ஓராண்டு நின்றுபோனால் விடுதி எத்தனை மாதம் தாங்கும்?

நான்காம் வினாவுக்குத் திருப்தியான விடை கிடைத்த பிறகே கட்டடத்துக்கு அஸ்திவாரம் போடுங்கள்.