ஆங்கில நதிகளில் தூண்டில் போடுவோருக்கு

தேம்ஸ், டிரென்ட் முதலிய இங்கிலாந்து நதிகளில் ரோச், சப், பார்பல் மீன்களை நாடிச் செல்பவர், கடையிலுள்ள விலையுயர்ந்த கோலைக் கண்டு மயங்காமல், முதலில் கரையில் நின்று பிரவாகத்தின் வேகத்தைக் கவனித்து, நிதானமான நீருக்குத் தக்கையும் சுமார் 13 அடி நீளமுள்ள மெல்லிய கோலும், வேகமான நீருக்கு எடைக்குண்டும் வலுவான கோலுமாகத் தேர்ந்துகொள்வதே உத்தமம். முள்ளின் இலக்கம் ஏற ஏற அதன் அளவு சிறுக்குமாதலால், ஈப்புழுவுக்கு 16 அல்லது 18-ஆம் இலக்கமும், ரொட்டித் துணுக்குக்கு 10-ஆம் இலக்கமும் பொருந்தும். புழுவின் தடித்த முனையில் தோலை மட்டும் தொட்டு முள்ளேற்றினால், அது நெடுநேரம் உயிரோடு நெளிந்து மீனை ஆகர்ஷிக்கும். அகப்பட்ட மீனை உலர்ந்த கையால் தொடுவது அதன் மேனியைக் காக்கும் வழுவழுப்பை அழித்துவிடுமாகையால், தயவுசெய்து கையை நனைத்துக்கொண்டே முள்ளை அகற்றித் தாமதமின்றி நீரில் விடுங்கள். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை அந்நதிகளில் இம்மீன்களைப் பிடிப்பது சட்டவிரோதம்.