இளைஞர் தங்கும் விடுதிகள்

நூல்களைப் பயின்று பெறும் அறிவு ஒரு வகை. நாட்டைச் சுற்றிக் கண்டு பெறும் அறிவு மற்றொரு வகை. முன்னது பள்ளியில் எல்லார்க்கும் கிடைக்கின்றது; பின்னதோ பொருள் உடையார்க்கே பெரிதும் கிடைக்கின்றது. இதற்குக் காரணம் வழிச்செலவே என்று பலரும் கூறுவர். அச்செலவைச் சற்றுப் பகுத்து நோக்குவோம். மாணவர் குழுவிற்குப் புகைவண்டியில் கட்டணச் சலுகை உண்டு. அரிசியும் பருப்பும் கொண்டுசென்று கூடிச் சமைத்து உண்டால், உணவிற்கு வீட்டில் ஆகும் செலவே ஆகும். எஞ்சி நிற்பது இரவு தங்குவதற்காகும் செலவு. ஏழை மாணவனின் வழியை மறித்து நிற்பது பெரும்பாலும் இதுவே.

கல்விச் சுற்றுலாவிற்குப் பணம் கேட்கும் நாளில், "எனக்கு ஊர் சுற்றுவதில் விருப்பமில்லை, ஐயா" என்று கூறும் மாணவர் சிலரை ஆசிரியர் அனைவரும் அறிவர். அம்மாணவர் கூறுவது மெய்யன்று என்பதையும் அறிவர். தங்கும் செலவிற்கு அஞ்சிப் பேருந்திலேயே இரவைக் கழித்து, ஒரு பகலில் ஆறு ஊர்களைக் காட்டி மீளும் வழக்கமும் உண்டு. உறக்கமின்றிச் சிவந்த கண்ணுக்குக் கோபுரமும் ஒன்றுதான், கொட்டகையும் ஒன்றுதான்.

வழிச்செல்வோர்க்கு இடமளித்தல் நம் நாட்டிற்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், கூத்தர் குழு ஒன்றை நன்னன் என்னும் தலைவனிடம் ஆற்றுப்படுத்தும் நூல். அதில் அவனது புகழினும் வழியைப் பற்றிய செய்திகளே என் உள்ளத்தைப் பெரிதும் கவர்வன. எவ்விடம் வழுக்கும், எவ்விடத்தில் பன்றிக்கு வைத்த பொறி உண்டு, எச்சிற்றூரில் தங்கலாம், அவ்வூரார் எவ்வுணவு அளிப்பர் என்றெல்லாம் புலவர் விளக்கிச் செல்கின்றார்.

மதுரையைச் சூழ்ந்த குன்றுகளும் இதற்குச் சான்று பகர்வன. மழைக்காலத்தில் ஊர் ஊராகத் திரியாது ஓரிடத்தில் தங்குவது சமணத் துறவியரின் நெறி. அவர்பொருட்டுக் குகைத்தளங்களில் கற்படுக்கைகள் வெட்டப்பட்டன. மாங்குளத்தில் ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துகள், நெடுஞ்செழியனின் அலுவலரும் வெள்ளறை வணிகக் குழுவினரும் அளித்த கொடைகளைக் குறிக்கின்றன. பிற்காலத்தே, 1689 முதல் 1706 வரை ஆட்சிப் பொறுப்பேற்றிருந்த இராணி மங்கம்மாள் சாலைகளாலும் சத்திரங்களாலும் புகழ்பெற்றார். மதுரைப் புகைவண்டி நிலையத்திற்கு எதிரே அவர் பெயரால் அமைந்த சத்திரம் பல தலைமுறையினர்க்கு நிழலளித்தது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி ஒரத்தநாட்டில் அமைத்த முத்தாம்பாள் சத்திரத்தில் உணவோடு கல்வியும் வழங்கப்பெற்றது. சத்திரங்களின் பெருமையைக் கூறுங்கால் அவற்றின் குறையை மறைத்தல் ஆகாது. உண்ணும் இடமும் உறங்கும் இடமும் பல சத்திரங்களில் சாதிக்கேற்ப வகுக்கப்பட்டிருந்தன. ஒரே வகுப்பிற் பயிலும் மாணவர் ஒரே கூரையின்கீழ்த் தங்குவதற்கு வேறொரு முறை தேவைப்பட்டது.

அம்முறையைக் கண்டவர் செர்மனி நாட்டின் ஆல்டெனா நகரத்துப் பள்ளியாசிரியர் ரிச்சர்டு ஷிர்மன். புகை சூழ்ந்த தொழில் நகரங்களில் வளரும் சிறுவர்கள் காட்டையும் ஆற்றையும் காண வேண்டும் என்று கருதி, அவர்களைக் கால்நடையாக அழைத்துச் செல்வது அவர் வழக்கம். 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள், அவ்வாறு செல்லுகையில் இடியும் மழையும் சூழ்ந்தன. சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. தரையில் வைக்கோலைப் பரப்பிச் சிறுவர் உறங்கினர், ஆசிரியர் உறங்கவில்லை. 'விடுமுறையில் பள்ளிகள் எல்லாம் வெறுமையாய்க் கிடக்கின்றனவே! அவற்றை வழிநடைச் சிறுவர்க்குத் திறந்துவிட்டால் என்ன?' என்னும் எண்ணம் அவ்விரவில் எழுந்தது. 1912-இல் ஆல்டெனாவின் பழைய கோட்டையில் விடுதி ஒன்று நிலையாக அமைந்தது. இருபதாண்டுகளில் இவ்வியக்கம் பல நாடுகளில் பரவி, 1932-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் பன்னாட்டுக் கூட்டமைப்பும் தோன்றியது. நாசிகள் ஆட்சிக்கு வந்தபின் செர்மானிய விடுதிகள் இட்லரின் இளைஞர் படையின் கைப்பட்டன. ஷிர்மனும் பொறுப்புகளினின்று விலக்கப்பட்டார். இளைஞர் கூடும் இடத்தைக் கைப்பற்றக் கொடுங்கோலர் விரைந்தனர் என்பது எண்ணத்தக்கது. போர் முடிந்தபின் அவ்வியக்கம் மீண்டும் தழைத்தது. நம் நாட்டில் 1940-களில் வேரூன்றிய இந்திய இளைஞர் விடுதிகள் சங்கம் இன்று புதுதில்லியைத் தலைமையிடமாகக் கொண்டு நடைபெறுகின்றது.

இவ்விடுதிகளில் ஆடம்பரம் இராது. ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் தனித்தனிக் கூடங்கள், அடுக்குக் கட்டில்கள், பலர் கூடியிருக்கப் பொதுவறை. பல விடுதிகளில் தாமே சமைத்துக்கொள்ள அடுக்களையும் உண்டு. தம் படுக்கையைத் தாமே விரித்துச் சுருட்டுதல், உண்ட தட்டைத் தாமே கழுவுதல் முதலியன அங்குள்ள ஒழுங்கு. ஏவலாளர் பலர் வேண்டாமையால் கட்டணம் குறைகின்றது. செல்வன் மகனும் கூலியாள் மகனும் அடுத்தடுத்து நின்று தட்டுக் கழுவுங்கால் நிகழும் கல்வியைப் பாடத்திட்டத்தில் எழுதிவைக்க இயலாது!

ஷிர்மன் எண்ணியதுபோன்று தொடங்குவதற்குப் புதுக் கட்டடமும் வேண்டுவதில்லை. மதுரைக்கு வடமேற்கே, திண்டுக்கல் செல்லும் இருப்புப்பாதையில் உள்ளது சமயநல்லூர். மே விடுமுறையில் இத்தகைய ஊரின் பள்ளி வகுப்பறைகள் இரண்டைத் தூய்மை செய்து, பாய்களும் குடிநீரும் வைத்து, பொறுப்பாளர் ஒருவரை அமர்த்தினால், கடற்கரை மாவட்டத்து மாணவர் குழு ஒன்று மூன்று இரவு அங்குத் தங்கலாம். முதல்நாள் விடியலில் வைகைக்குத் தெற்கே நாகமலைத் தொடரை அடுத்துள்ள சமணர் மலைக்குச் சென்று, வெயில் ஏறுமுன் பாறைச் சிற்பங்களைக் கண்டு இறங்கலாம். மறுநாள் திருமலை நாயக்கர் மகாலையும், 1959-இல் தமுக்கம் அரண்மனையில் திறக்கப்பெற்ற காந்தி அருங்காட்சியகத்தையும் காணலாம். மூன்றாம் நாள் கீழடி. அங்கே 2015-இல் தொடங்கிய அகழாய்வில் கிடைத்த பொருள்களை 2023-இல் திறக்கப்பெற்ற அருங்காட்சியகத்தில் நின்று நோக்கலாம். இவற்றை ஒரே பகலில் ஓடிக் காண்பவர்க்கு மாலையில் அமர்ந்து குறிப்பெழுதப் பொழுது கிடையாது. உள்ளூர் மாணவர் இருவர் வழிகாட்டிகளாகச் சென்றால், 1895-இல் கட்டி முடிந்த பெரியாற்று அணையின் நீர் மேற்கு மலையைக் கடந்து இவ்வட்டாரத்து வயல்களுக்கு வரும் கதையையும் வாய்க்கால் கரையில் நின்றே கூறுவர்.

இவ்வாறு தங்க விரும்பும் குழுவினர் நெடுநாள் முன்னரே தலைமையாசிரியர்க்கு எழுதி இசைவு பெறுதல் வேண்டும். வருவோர் தொகையையும் உடன்வரும் ஆசிரியர் பெயர்களையும் குறிப்பிடுதல் வேண்டும். மாணவியர் குழுவாயின் ஆசிரியை ஒருவரேனும் உடன் தங்குதல் இன்றியமையாதது. கரும்பலகையில் எழுதியவற்றை அழித்து, அடுப்புச் சாம்பலை அகற்றி, பெஞ்சுகளைப் பழையபடி வரிசையாக இட்ட பின்னரே சாவியை ஒப்படைத்துப் புறப்படுதல் வேண்டும்.